முதல் கை எரு

போன சித்திரையில் உத்திரமேரூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் இயற்கை விவசாயக் கூட்டம் போட்டார்கள். நானும் போயிருந்தேன். விவசாயக் கல்லூரியில் படிக்கிற பெண் ஒருத்தி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அக்கா, மாட்டுச் சாணத்துல வர்ற உரத்துக்கு உங்க பக்கம் என்ன பேரு? அந்தச் சொல்லை எப்படியெல்லாம் சொல்வீங்க? கொஞ்சம் எழுதித் தரீங்களா?" என்று ஒரு தாளை நீட்டினாள். நல்ல பெண். அவளுக்காக எழுதினேன்.

"எங்கள் பக்கம் எரு என்போம். மாடு போட்ட அன்றைக்கு அது சாணி. குழியில் கொட்டி, வைக்கோல் கூளமும் சாம்பலும் மாட்டு மூத்திரமும் சேர்ந்து, ஒரு வருஷம் கிடந்து மக்கினால்தான் எரு. கடையில் மூட்டையாக விற்பது உரம். எருவை அடிப்போம், இறைப்போம். உள்ளே கையை விட்டால் குளுமையாக இருந்தால் மக்கியது. சூடாக இருந்தால் பச்சை, அதைப் போட்டால் பயிர் கருகும்."

அந்தத் தாளில் எழுதாமல் விட்டது நிறைய இருக்கிறது. கூட்டத்தில் முன்வரிசையில் வெள்ளைச் சட்டையும் துண்டுமாக ஒருவன் உட்கார்ந்திருந்தான். அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே எழுதினதில் என் கையெழுத்து கோணலாகப் போயிருந்தது. எரு என்ற சொல்லை முதன்முதலில் வெட்டுக் குத்தோடு சேர்த்து நான் கேட்டது அவன் வாயிலிருந்துதான்.

அவனை ஊரில் எல்லாரும் எடத்துக்காரர் என்பார்கள். திருப்புலிவனம் போகிற ரோட்டில் இரண்டு பக்கமும் அவன் நிலம். என் அம்மா இன்றைக்கும் அவனை 'அவுரு' என்றுதான் சொல்வாள். நான் 'அவன்' என்றுதான் எழுதுவேன். அதற்கான விலையை நாங்கள் கொடுத்துவிட்டோம்.

எங்கள் காலனியில் வீட்டுக்கு வீடு ஒரு முழம்தான் இடைவெளி. மாடு கட்ட இடமில்லை. நைனா நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே செத்துப்போனார். அம்மாவுக்கு இரண்டு மாடு. அவற்றை அவன் களத்து ஓரத்தில் இருந்த கொட்டகையில் கட்டிக்கொள்ளலாம், வரப்பில் புல் அறுத்துக்கொள்ளலாம். பதிலுக்குச் சாணி அத்தனையும் அவனுடைய எருக்குழிக்கு. காலனியில் மாடு வைத்திருந்த எல்லாருக்கும் இதே ஏற்பாடுதான். பத்து வயதிலிருந்து நான்தான் சாணி அள்ளினேன். விடிந்ததும் ஒரு தரம், பள்ளிக்கூடம் விட்டு வந்து ஒரு தரம். எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றது, சாணி நிற்கவில்லை. கூடையில் ஒரு கல் வந்தால்கூடப் பொறுக்கி எறிந்துவிட்டுத்தான் கொட்டுவேன். எருவை வெறுங்கையால் அள்ளப் போகிறவர்கள் எங்கள் ஆட்கள்தானே. ஒன்பது வருஷம் அப்படிக் கொட்டினேன். அந்தக் குழியில் என்ன இருக்கிறது என்று அவனைவிட எனக்குத் தெரியும்.

எனக்குப் பத்தொன்பது வயதானபோது அம்மா பேருக்கு அரசாங்கம் அரை ஏக்கர் பட்டா கொடுத்தது. ஏரிக்குக் கீழே, தண்ணீர் கடைசியாக வந்து சேர்கிற இடம். நல்ல நிலத்தையா கொடுப்பார்கள்? முழுக்கக் களர். வெயில் காலத்தில் உப்புப் பூத்து வெள்ளை வெளேரென்று கிடக்கும். அதில் விதைத்த எள் முளைத்த மூன்றாம் நாளே செத்தது. பார்த்தவர்கள் எல்லாம் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: எரு அடி, மண் திரும்பும்.

அம்மா அவனிடம் அதுவரை எதையும் வாய்விட்டுக் கேட்டதில்லை. அன்றைக்குத்தான் கேட்டாள். எருக்குழி ஓரத்தில் அவன் பைக்கை நிறுத்திவிட்டு நின்றிருந்தான்.

"அய்யா, ஒரு லோடு எரு வேணும்யா. நெலத்துக்கு அடிக்கணும்."

"நெலமா? யாரு நெலம்?"

"கெவுருமெண்டு குடுத்துச்சேய்யா, அரை ஏக்கரு."

அவன் சிரித்தான். "எரு எடத்துக்காரனுது. தெரியுமில்ல?"

"ஒம்போது வருசமா எம்மாடு போட்டதுய்யா. எம்பொண்ணு அள்ளுனது."

"மாடு ஒன்னுது. அது துன்ன புல்லு யாருது? நின்ன எடம் யாருது?"

எனக்கு வாய் சும்மா இருக்காது. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று அம்மா சொல்லிச் சொல்லி வளர்த்தும் பிரயோஜனமில்லை. "அப்ப எங்க கை யாருது?" என்றேன்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. அம்மாவைத்தான் பார்த்தான். "இன்னாடி, பொண்ண பேச வுட்டு வேடிக்கை பார்த்துகினு கீறியா? ரெண்டு பேரையும் வெட்டி இந்தக் குழியிலயே எருவாப் போட்டுடுவேன்" என்றபடியே அவள் கன்னத்தில் அறைந்து, மார்பில் கை வைத்துத் தள்ளினான். அம்மா மல்லாக்கக் குழிக்குள் விழுந்தாள். சாணிக்குள் இடுப்புவரை புதைந்து, எழுந்திருக்க முடியாமல் கைகளால் துழாவினாள்.

மண்வெட்டி என் கையில்தான் இருந்தது. யோசித்தேன் என்று சொன்னால் பொய். திருப்பிப் பிடித்து, இரும்புத் தகட்டின் முதுகால் அவன் முழங்காலில் போட்டேன். பச்சைக் கொம்பை முறிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அவனும் குழிக்குள்தான் விழுந்தான். அவன் அலறியது எனக்கு இனித்தது. இத்தனை வருஷம் கழித்தும் அதைப் பொய் சொல்லி மறைக்க எனக்கு விருப்பமில்லை.

அவன் ஆட்கள் ஓடிவந்தார்கள். மாட்டு வண்டி வடக்கயிற்றை இரட்டையாக மடித்து என்னை அடித்தார்கள். முதல் நாலைந்து அடிதான் வலித்தது. பிறகு ஒருத்தன் காலால் மிதித்ததில் இடது தோள்பட்டை எலும்பு முறிந்தது. இன்றைக்கும் அந்தக் கையைத் தலைக்கு மேலே தூக்க முடியாது. குழிக்குள்ளிருந்து அம்மா, "என்ன அடிங்க, என்ன அடிங்க" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

போலீசுக்குப் போகக் கூடாது என்று ஊர் கூடிப் பேசியது. நான் அவன் காலில் விழ வேண்டும், அவன் ஒரு லோடு எரு கொடுக்க வேண்டும், அத்தோடு பேச்சு முடிந்தது என்று தீர்ப்பு. கட்டுப் போட்ட காலை நீட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். என் தோளில் துணிக் கட்டு. விழ மாட்டேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தேன். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். களர் நிலம் எனக்கு ஞாபகம் வந்தது. விழுந்தேன். ஒரு லோடு எருவுக்காக அவன் காலில் விழுந்தேன்.

மறுவாரம் டிராக்டரில் எரு வந்தது. ஓட்டிவந்தவர் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன், எனக்கு மாமா. அவனிடம் சம்பளத்துக்கு இருந்தார். லோடைச் சாய்த்துவிட்டுக் கீழே இறங்காமலே திருப்பினார். "அண்ணே, ஒரு வாய் தண்ணி குட்ச்சிட்டுப் போ" என்று அம்மா கூப்பிட்டாள். காதில் விழாதவர் போலப் போய்விட்டார்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் இருக்கிறது. நிலத்துக்கு எரு அடித்தால் முதல் கை எடத்துக்காரர் கை. நிலத்துக்கு உடையவர் செருப்பைக் கழற்றிவிட்டு, கிழக்கே பார்த்து நின்று, எருவில் முழங்கை வரைக்கும் கையை விட்டு, அடியிலிருந்து ஒரு கை அள்ளிச் சனிமூலையில், அதாவது வடகிழக்கு மூலையில், வீச வேண்டும். மேலாகக் கிள்ளிப் போட்டால் விளையாது என்பார்கள். அடியில் கைவிட்டால்தான் எரு குளிர்ந்திருக்கிறதா என்று தெரியும், அதற்கு வந்த வழக்கமாக இருக்கலாம். அவன் அதைச் செய்ய எத்தனையோ தரம் நாங்கள் கூடையோடு காத்து நின்றிருக்கிறோம். அவன் கை எடுத்த பிறகுதான் நாங்கள் இறைக்கலாம்.

அன்றைக்கு அம்மாதான் எடத்துக்காரி. குளித்து, இருந்ததில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். சிரித்தால் கண் பட்டுவிடும் என்பது போல வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். கிழக்கே பார்த்து, குனிந்து, ஒரே வீச்சில் முழங்கை வரை கையை விட்டாள்.

அந்தச் சத்தத்தை எழுத வரவில்லை. வெளியே வந்த கையில் உள்ளங்கை இரண்டாகப் பிளந்து கிடந்தது. பீர் பாட்டிலின் அடித்தட்டு ஒன்று நடு விரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் எலும்பு வரை இறங்கி அப்படியே நின்றது. ரத்தம் எருவில் கொட்டியது. அப்படியும் அவள் அந்தக் கையை உதறிச் சனிமூலைப் பக்கம் வீசினாள். எரு போனதா, ரத்தம் போனதா தெரியாது. பிறகுதான் உட்கார்ந்தாள்.

உத்திரமேரூரில் தையல் போட்டார்கள். ஒரு வாரத்தில் விரல்கள் கறுத்து நாறின. செங்கல்பட்டுக்கு எழுதிக்கொடுத்தார்கள். அங்கே இரண்டு விரலையும் எடுத்துவிட்டார்கள். சாணிக்குள் பட்ட வெட்டு, கை மிஞ்சியதே பெரிசு என்றார்கள்.

நான் மறுபடியும் ஊரைக் கூட்டினேன். இந்தத் தடவை அவன் நாற்காலியில் சாய்ந்துகொண்டே பேசினான். "எருன்னா இன்னா? குப்பைதான? குப்பையில எல்லாந்தான் கெடக்கும். பார்த்து அள்ளணும்." ஊர் தலையாட்டியது. ஒன்பது வருஷம் ஒரு கல்லைக்கூட அந்தக் குழியில் விடாதவள் நான் என்று கத்தினேன். பெண்பிள்ளை கத்தினால் எந்த ஊர் கேட்கிறது? எருவைக் குப்பை என்று ஒரு வார்த்தை சொல்லி அவன் என் அம்மாவின் இரண்டு விரலையும் அதில் போட்டு மூடிவிட்டான்.

அந்த எருவை விட்டுவிட எங்களுக்கு மனசு வரவில்லை. வேறு எரு எங்கே இருக்கிறது? கோணியைக் கையில் சுற்றிக்கொண்டு, பிடி பிடியாகக் கலைத்துக் கண்ணாடி பொறுக்கினேன். பொறுக்கியதை ஒரு காலி பெயிண்ட் டப்பாவில் போட்டேன். எவ்வளவு பொறுக்கியும் தீரவில்லை. ஒவ்வொரு வருஷமும் உழும்போது மண் இரண்டு துண்டைத் துப்பும். அதையும் டப்பாவில் போட்டேன். ஒருநாள் அவனுக்கே திருப்பிக் கொடுப்பேன் என்று சொல்லிக்கொண்டுதான் போட்டேன். நிலம் முதல் வருஷம் கொஞ்சம் கேழ்வரகு கொடுத்தது. நாலாம் வருஷம் நெல் கொடுத்தது.

கண்ணாடி தானாக வந்து விழவில்லை என்பது அஞ்சாறு வருஷம் கழித்து உறுதியானது. காலனியில் ஒரு சாவு வீட்டில் மாமா குடித்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அழுதார். "பாட்டில ஒடச்சிப் போட்டது நான்தாம்மா. அவுரு பக்கத்துல நின்னுகினு போடுன்னாரு. மொத கை ஒங்கம்மாதான் வெப்பான்னு அவுருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்." சாவு வீடு என்றும் பார்க்காமல் எழுந்து அறைந்தேன். உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். அவர் கையைத் தூக்கவில்லை. எரு செய்வதை இனத்தான் செய்யமாட்டான் என்று எங்கள் பக்கம் ஒரு சொலவடை உண்டு. சொந்த இனத்தான் செய்ததை அன்றைக்குப் பார்த்தேன். அம்மாவிடம் சொன்னபோது, "அவன் வயிறு அவன் கையில இல்ல" என்று மட்டும் சொன்னாள். எனக்கு அந்தப் பெரிய மனசெல்லாம் கிடையாது.

இப்போது என்னிடம் ஐந்து மாடு. எங்கள் நிலத்து ஓரத்திலேயே கொட்டகை, எங்களுக்கே எருக்குழி. அவனிடம் ஒரு மாடுகூட இல்லை. டிராக்டர் வந்ததும் விற்றுவிட்டான். வருஷக்கணக்காக மூட்டை உரத்தைக் கொட்டி அவன் நிலம் செங்கல் மாதிரி இறுகிவிட்டது. அந்த மண்டபக் கூட்டம் முடிந்த மறுவாரம் கார் ஒன்று எங்கள் கொட்டகை வாசலில் வந்து நின்றது. அவன்தான். முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

"ஒரு லோடு எரு வேணும்மா. ஊர்ல இன்னா வெலையோ குடுத்துடறேன்" என்றான். 'மா' போட்டுப் பேசினான். "பழசெல்லாம் மனசுல வெச்சிக்காத."

"வெச்சிக்கலீங்க. நாளைக்கு டிராக்டர அனுப்புங்க" என்றேன்.

அவன் போனதும் நேராகப் போய் மாட்டுத் தொட்டிக்குப் பின்னால் இருந்த பெயிண்ட் டப்பாவை எடுத்தேன். விளிம்புவரை நிறைந்திருந்தது. குழி ஓரத்தில் உட்கார்ந்து எங்கே எவ்வளவு போடுவது என்று கணக்கிட்டேன். டிராக்டரில் ஏற்றிக் கொட்டினால் கலைந்துவிடும், அவன் எங்கே கையை விட்டாலும் அகப்படுகிற மாதிரி நிறையப் போட வேண்டும். அவன் உள்ளங்கை பிளப்பதை மனசுக்குள் பத்துத் தரம் பார்த்துவிட்டேன். அலறுவான். "குப்பையில எல்லாந்தான் கெடக்கும்" என்று நான் சொல்வேன். சொல்லிப் பழகிக்கூடப் பார்த்தேன்.

டப்பாவைக் கவிழ்க்கப் போகும்போது பக்கத்து வீட்டுக்காரி வந்தாள். பால் வாங்க வந்தவள்.

"யக்கா, நாளைக்கு அவுரு நெலத்துல எரு எறைக்க ஆளு கூப்ட்டுக்கீறாங்க. நாங்க ஆறு பேரு போறோம். நீ வரியா?"

"யார் யாரு?"

அவள் பேர்களைச் சொன்னாள். எல்லாரும் எங்கள் தெருதான். ஒருத்திக்கு இப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. கடைசியாக, "ஒங்கம்மாவும் வரேன்னு சொல்லிக்கீது. ஒரு கையாலயே நாலு பேரு வேல செய்யுமே அது" என்று சிரித்தாள்.

டப்பாவைக் கீழே வைத்தேன். அவன் ஒரு கை வைப்பான். மிச்சம் லோடு முழுக்க எங்கள் கைகள். இத்தனை வருஷமாக நான் சேர்த்து வைத்த ஆத்திரம் அம்மாவின் மிச்சமிருந்த கையைத் தேடிப் போயிருக்கும். அவனுக்கு அது அன்றைக்கே தெரியும். எருவில் எதைப் போட்டாலும் யார் கைக்குப் போய்ச் சேரும் என்பது அவனுக்குத் தெரிந்துதான் செய்தான். அதை நினைத்ததும் அவன்மேல் இருந்த கோபம் இன்னும் பத்து மடங்கு ஏறியது. ஆனால் கண்ணாடி போடுகிற கோபம் இல்லை அது.

கொத்தனார் வீட்டில் மணல் சலிக்கிற சல்லடையை வாங்கிவந்து பொழுது சாயும்வரை எருவைச் சலித்தேன். அப்படி ஒரு எருவை யாரும் யாருக்கும் கொடுத்திருக்க மாட்டார்கள்.

மறுநாள் காலையில் லோடோடு நானும் போனேன். பெண்கள் கூடையோடு வரப்பில் நின்றார்கள். அம்மாவும் நின்றாள். நான் பெயிண்ட் டப்பாவைக் கொண்டுபோய் எருக் குவியலுக்குப் பக்கத்தில், அவன் கண்ணுக்கு நேராக வைத்தேன். பாட்டில் துண்டுகள் வெயிலில் மினுமினுத்தன.

"இது இன்னாது?" என்றான்.

"நீங்க குடுத்த லோடுல இருந்ததுங்க. பொறுக்கி வெச்சேன்."

அவன் முகம் வெளுத்தது. டிராக்டரில் வந்தவனைப் பார்த்து, "டேய், மொத கை நீ போடு" என்றான்.

பக்கத்து வீட்டுக்காரி சும்மா இருக்கவில்லை. "அது எப்டிங்கய்யா? மொத கை நீங்கதான் வெக்கணும். இல்லாங்காட்டி நாங்க எப்டி எறைக்கிறது?"

அவன் செருப்பைக் கழற்றினான். கிழக்கே பார்த்து நின்றான். குனிந்தான். கை எருவுக்கு ஒரு சாண் மேலே வந்து நின்றுவிட்டது. நெற்றியிலிருந்து வேர்வை சொட்டியது.

"சலிச்ச எருதாங்க" என்றேன். என் கையை முழங்கை வரை உள்ளே விட்டு, ஒரு பிடி அள்ளி, விரலை விரித்துக் காட்டினேன். கறுப்பாக, குளிர்ச்சியாக, எரு மட்டும்தான் இருந்தது. அப்படியும் அவன் கை இறங்கவில்லை. எத்தனை நேரம் அப்படியே குனிந்து நின்றான் என்று தெரியாது.

வரப்பிலிருந்து அம்மா இறங்கி வந்தாள். அவனை ஓரமாக நகரச் சொல்வது போல முழங்கையால் மெல்ல ஒதுக்கினாள். மூன்று விரல் மிஞ்சிய வலது கையை அடிவரை விட்டு, ஒரு கை அள்ளி, அவன் நிலத்துச் சனிமூலையைப் பார்த்து வீசினாள். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எங்களைத் திரும்பிப் பார்த்தாள்.

"நேரமாவுது. அள்ளுங்கடி" என்றாள்.